கணப்புச் சட்டியிலிருந்து மின் கணப்பு வரை

சென்ற தை மாதம் டில்லியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் என்னிடம் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த பழைய மாணவர். அங்கே ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்து, மொட்டை மாடியில் உள்ள ஓர் ஒற்றை அறையில் நண்பர் ஒருவருடன் குடியிருக்கிறார்.

"ஐயா, நம் ஊரில் மின்விசிறி வாங்கத்தான் கடைக்குப் போவோம். இங்கே ஹீட்டர் வாங்கப் போனேன். கடைக்காரர் மூன்று வகை காட்டினார். சிவக்கச் சிவக்கக் காயும் கம்பி ஹீட்டர், 1000 வாட். சூடான காற்றை ஊதும் புளோயர், 2000 வாட். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர், அதுவும் 2000 வாட். விலையோ மற்றவற்றைப் போலப் பல மடங்கு. ஆனால் அது பாதிக் கரண்டுதான் எடுக்கும் என்கிறார் கடைக்காரர். நீங்கள் ஜூல் விதியைச் சொல்லிக் கொடுத்தீர்கள். எதை வாங்குவது என்று சொல்லிக் கொடுக்கவில்லையே!"

கடிதம் இத்துடன் முடிந்திருந்தால் சிரித்துவிட்டு இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன். கீழே இன்னும் நான்கு வரிகள் இருந்தன. முந்திய வாரம் குளிர் பொறுக்காமல், தெருவில் எல்லோரும் வைத்திருக்கும் அங்கீட்டி என்னும் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் படுத்திருக்கிறார்கள். நள்ளிரவில் நண்பர் தலைவலி தாங்காமல் எழுந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் வாந்தியெடுத்திருக்கிறார். இவருக்கோ எழுந்திருக்கவே கால் வரவில்லையாம். நண்பர்தாம் இழுத்து வெளியே கிடத்தினாராம். "கரி நல்ல கரி இல்லை போலிருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. எந்த ஹீட்டர் என்ற கேள்விக்கு விடை சொல்ல, மனிதன் குளிர் காய்ந்த கதையையே சொல்ல வேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே தருகிறேன்.

உடலைக் காய்ச்சுவதா, அறையைக் காய்ச்சுவதா?

குளிர் காய்வதில் பழங்காலம் முதல் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நெருப்பை மனிதனுக்கு அருகே கொண்டு வருவது. மற்றது, மனிதன் இருக்கும் இடம் முழுவதையும் சூடாக்குவது.

முதல் வழிக்கு நம் இலக்கியத்திலேயே சான்று உண்டு. மழைக்காலத்து வாடையை விவரிக்கும் நெடுநல்வாடை, வாயகன்ற சட்டியில் நெருப்பிட்டு மக்கள் குளிர் காய்ந்ததைச் சொல்கிறது. அந்தச் சட்டிக்கு அக்காலத்துப் பெயர் தடவு. ஜப்பானியர் தாழ்வான மேசைக்கு அடியில் தணலை வைத்து, மேலே மெத்தைப் போர்வையை விரித்து, அதற்குள் கால்களை நீட்டிக்கொள்வார்கள். அதற்குக் கொட்டாட்சு என்று பெயர். இன்று தணலுக்குப் பதில் மின் கணப்பு வைக்கிறார்கள்.

இவ்வகையில் மிகச் சிறியது காஷ்மீரத்துக் காங்கிரி. பிரம்புக் கூடைக்குள் ஒரு மண் கலயம், அதற்குள் தணல், அவ்வளவுதான். ஃபெரன் என்ற தொளதொளப்பான நீண்ட மேலங்கிக்குள் அதை வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். கைப்பிடிக் கரியில் பல மணி நேரம் கதகதப்பு! எரிபொருள் சிக்கனத்தில் இதை மிஞ்சுவது கடினம். ஏனென்றால் இது அறையைக் காய்ச்சுவதில்லை. அங்கிக்குள் இருக்கும் சிறிதளவு காற்றையும் உடலையும் மட்டுமே காய்ச்சுகிறது.

ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. ஆண்டுக் கணக்கில் ஒரே இடத்தில் சூடு படுவதால், தொடையிலும் அடிவயிற்றிலும் தோல் கருத்துப் புண்ணாகிச் சிலருக்குப் புற்றுநோயாக மாறுகிறது. காஷ்மீரத்தில் மருத்துவப் பணி செய்த எல்ம்ஸ்லி என்பவர் 1866-இல் இதை மருத்துவ இதழில் எழுதினார். காங்கிரிப் புற்று என்றே மருத்துவ நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. கணப்பு அருகில் இருக்க வேண்டும். ஆனால் தோலைத் தொடும் அளவுக்கு நெருங்கக் கூடாது என்பது முதல் பாடம்.

வானத்தைக் காய்ச்சிய அடுப்பு

இரண்டாவது வழி ஐரோப்பாவில் வளர்ந்தது. இங்கிலாந்தில் முன்பு கூடத்தின் நடுவே நெருப்பு எரியும். புகை கூரையிலுள்ள ஓட்டை வழியே போகும். 16-ஆம் நூற்றாண்டில் சாதாரண வீடுகளிலும் புகைபோக்கியுடன் கூடிய சுவர்க் கணப்பு பரவத் தொடங்கியது. கண் எரிச்சல் போயிற்று. ஆனால் சூடும் புகையோடு போயிற்று.

காரணம் எளிது. சூடான காற்று இலேசானது. அது புகைபோக்கி வழியே விரைந்து மேலேறுகிறது. அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப, கதவிடுக்கு வழியாகவும் சன்னல் இடுக்கு வழியாகவும் வெளிக் குளிர்காற்று உள்ளே வருகிறது. ஆகவே கணப்பின் முன்னே அமர்ந்தவருக்கு முகம் வேகும், முதுகு விறைக்கும். திறந்த சுவர்க் கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில், அறைக்குக் கிடைப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் வானத்துக்கு.

இந்த வீணடிப்பை எதிர்த்து இரண்டு பெஞ்சமின்கள் போராடினார்கள். முதல்வர் இடிதாங்கி கண்ட பெஞ்சமின் பிராங்க்ளின். பிலடெல்பியாவைச் சுற்றி விறகு விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அவர் வார்ப்பிரும்பால் ஒரு கணப்புப் பெட்டி செய்தார். புகை நேரே மேலே போகாமல், உள்ளிருக்கும் தடுப்புகளைச் சுற்றி இறங்கிப் போகும். அந்தத் தடுப்பின் உட்புழை வழியே செல்லும் தூய காற்று சூடாகி அறைக்குள் வரும். 1744-இல் இதைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். மாகாண ஆளுநர் காப்புரிமை தர முன்வந்தபோது பிராங்க்ளின் மறுத்துவிட்டார். பிறருடைய கண்டுபிடிப்புகளால் நாம் பயன் பெறுகிறோம். நம்முடையதால் பிறர் பயன் பெறட்டும் என்பது அவர் கொள்கை. முதல் அமைப்பில் புகை சரியாக இழுக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் திருத்திய பிறகே அது பரவலாயிற்று.

இரண்டாமவர் பெஞ்சமின் தாம்சன், அதாவது ரம்ஃபோர்டு பிரபு. மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய் குடையும்போது வெப்பம் ஓயாமல் பிறப்பதைக் கண்டு, வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கமே என்று 1798-இல் எடுத்துரைத்தவர் இவர்தாம். அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1796-இல், சுவர்க் கணப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அவர் செய்த மாற்றங்கள் மூன்று. கணப்பின் ஆழத்தைக் குறைத்தார். பக்கச் சுவர்களைச் சாய்வாக அமைத்துக் கதிர்கள் அறைக்குள் திரும்பும்படி செய்தார். புகைபோக்கியின் தொண்டையைச் சில அங்குலங்களாகச் சுருக்கினார். புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கொத்தனார் ஒருவர், கொஞ்சம் செங்கல், கொஞ்சம் சுண்ணாம்பு போதும். திறந்த கணப்பிலிருந்து அறைக்கு வருவது பெரும்பாலும் கதிர்வீச்சே என்பதை அவர் கண்டுகொண்டதுதான் இதன் இரகசியம்.

எனினும் நிலக்கரிக் கணப்புகள் பெருகின. அவற்றின் புகை, 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனை மூடிய பெரும் புகைப்பனியில் பெரும் பங்கு வகித்தது. அப்போது இறந்தவர் ஏறக்குறைய 4000 பேர் என்றனர். பின்னாளைய ஆய்வுகள் அந்த எண்ணிக்கையை 12,000 வரை உயர்த்துகின்றன. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பலரும் மின்சாரத்துக்கும் வாயுவுக்கும் மாறினார்கள்.

புகையில்லாத நெருப்பின் வஞ்சகம்

என் மாணவருடைய கரியடுப்புக்கு வருவோம். விறகு புகையும், கண் எரியும், மனிதன் எழுந்து ஓடிவிடுவான். மரக்கரியோ புகைவதில்லை. ஆகவே அதை நம்பி அறைக்குள் வைக்கிறோம். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

தணலின் அடிப்பகுதியில் கரி எரிந்து கரியமில வாயு உண்டாகிறது. அந்த வாயு மேலேறி வரும்போது மேலே கனன்று கொண்டிருக்கும் கரியின் ஊடே வர வேண்டியிருக்கிறது. அங்கே அது இன்னொரு கரி அணுவைச் சேர்த்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. தணலின் மேல் நீலச் சுடர் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கார்பன் மோனாக்சைடு எரியும் சுடர். அறையில் பிராணவாயு குறையக் குறைய, எரியாமல் தப்பி வரும் மோனாக்சைடு மிகுகிறது.

இதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இதை இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் பிராணவாயு இன்றித் தவிக்கும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு கைகால் தளர்ச்சி, பிறகு நினைவிழப்பு. உறங்குபவருக்கு முதல் எச்சரிக்கையே தெரியாமல் போகலாம். பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஜோலா 1902 செப்டம்பரில் பாரிஸில் தம் படுக்கையறையில் இறந்தது இந்த வாயுவால்தான். கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது.

ஆகவே, கரி நல்ல கரியா கெட்ட கரியா என்பது கேள்வியே அன்று. மூடிய அறையில் எந்தக் கரியும் கூடாது. உதகையிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக அறைக்குள் கரியடுப்பு வைப்பவர்களுக்கும் இதுவே எச்சரிக்கை. வெளியே தணலான பிறகு உள்ளே கொண்டு வந்தால் தீங்கில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. தணல்தான் மோனாக்சைடைத் தருவது.

புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய்க் கணப்பிலும் தொல்லை உண்டு. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய 1.1 லிட்டர் நீர், ஆவியாக அறையில் சேர்கிறது. அது குளிர்ந்த சுவரில் படிந்து ஈரமும் பூஞ்சையும் உண்டாக்கும்.

சிவந்தும் கருகாத கம்பி

மின்சாரத்துக்கு வருவோம். மான்செஸ்டர் அருகே சால்ஃபோர்டில் மதுவடிக்கும் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல், இருபதுகளின் தொடக்கத்திலேயே, மின்கம்பிச் சுருளை நீரில் அமிழ்த்தி வெப்பநிலையை அளந்தார். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1840-இல் கண்டார்.

விதி கிடைத்தது, ஆனால் அதைக் கொண்டு கணப்புச் செய்யக் கம்பி கிடைக்கவில்லை. இரும்புக் கம்பி சிவந்தால் காற்றுடன் சேர்ந்து துருவாகி உதிர்ந்துவிடும். பிளாட்டினம் தாங்கும், யார் வாங்குவது? 1890-களில் சிலர் பெரிய கார்பன் இழை விளக்குகளை வரிசையாக வைத்து அவற்றையே கணப்பாக விற்றார்கள். 

வழி திறந்தவர் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ். நிக்கல் 80 பங்கும் குரோமியம் 20 பங்குமாகக் கலந்த உலோகத்துக்கு 1906-இல் காப்புரிமை பெற்றார். இதுவே நிக்ரோம். சிவக்கக் காய்ந்ததும் இதன் மேல் குரோமியம் ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்து, உள்ளே மேலும் துருவேறாமல் காக்கிறது. மின்தடையும் அதிகம், ஏறக்குறைய 1400 டிகிரி வரை உருகாது. இன்று நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குள் இருப்பதும் பெரும்பாலும் இந்த இனமே. இங்கிலாந்தில் சார்லஸ் பெல்லிங் 1912-இல் தொடங்கிய தொழிலகம், இக்கம்பியைச் சுடுமண் தண்டில் சுற்றி மின் கணப்புகளைச் செய்து விற்றது. தூக்கிச் செல்லக்கூடிய கணப்பு வீடுதோறும் நுழைந்தது.

மூன்றும் ஒன்றே, ஆனாலும் வேறு

இப்போது கடைக்காரர் சொன்னதைச் சோதிப்போம். விறகடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு வீணாயிற்று. பிராங்க்ளினும் ரம்ஃபோர்டும் திருத்த இடம் இருந்தது. மின் கணப்பில் வீணாக வழியே இல்லை. புகைபோக்கி இல்லை; உள்ளே போன மின்னாற்றல் முழுவதும் அறைக்குள் வெப்பமாகிறது. விசிறி சுழலும் ஆற்றலும், கம்பி ஒளிரும் ஒளியும்கூட முடிவில் வெப்பமே. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி தரும். நூறு ரூபாய் ஹீட்டரும் அவ்வளவுதான் தரும். பத்தாயிரம் ரூபாய் ஹீட்டரும் அவ்வளவுதான் தரும்.

அப்படியானால் எண்ணெய் ரேடியேட்டர் எப்படிப் பாதி எடுக்கும்? அதிலுள்ள வெப்பநிலைச் சாவி, குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. எண்ணெய் எரிவதில்லை, சூட்டைத் தேக்கி மெல்ல விடுகிறது. பாதி நேரம் அணைந்திருந்தால் பாதி மின்சாரம். அப்போது வெப்பமும் பாதிதான். அத்தகைய சாவி பொருத்திய எந்த ஹீட்டரும் இதையே செய்யும்.

வேறுபாடு வெப்பத்தின் அளவில் இல்லை. அது போகும் திசையில் இருக்கிறது. ஸ்டெஃபான் 1879-இல் கண்ட விதிப்படி, கதிர்வீச்சு தனி வெப்பநிலையின் நான்மடிக்கு ஏற்ப உயரும். செக்கச் சிவந்த கம்பி ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ். எண்ணெய் ரேடியேட்டரின் மேற்பரப்பு ஏறக்குறைய 80 டிகிரி. தனி வெப்பநிலையில் இவை 1173, 353. நான்மடி எடுத்துப் பாருங்கள். ஒரே அளவு பரப்பிலிருந்து கம்பி 120 மடங்கு கதிர்வீசும்! பின்னாலுள்ள பளபளப்பான தகடு அதை உங்கள் பக்கம் திருப்புகிறது. ஆகவே கம்பி ஹீட்டர், காங்கிரியின் வாரிசு: முன்னே இருப்பவரைக் காய்ச்சும். ரேடியேட்டரும் புளோயரும் காற்றைக் காய்ச்சி அறையைச் சூடாக்கும்; புளோயர் விரைவாக, ரேடியேட்டர் மெதுவாக.

அறை எவ்வளவு விழுங்கும்?

மாணவருடைய அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் கன அளவு 36 கன மீட்டர். எடை ஏறக்குறைய 43 கிலோ. அதை 10 டிகிரி உயர்த்த 430 கிலோ ஜூல் போதும். 1000 வாட் ஹீட்டருக்கு அது ஏழே நிமிட வேலை! ஆனால் இரவெல்லாம் எரித்தும் குளிர் போகவில்லை என்கிறார். ஏன்?

வெப்பம் தங்குவதில்லை. மொட்டை மாடி அறையாதலால் நான்கு சுவர்களும் வெளிச்சுவர்கள். உள்ளும் புறமும் 10 டிகிரி வேறுபாடு இருந்தால், பூச்சுள்ள ஒரு செங்கல் கனச் சுவர்கள் வழியே சுமார் 800 வாட் கசியும். கான்கிரீட் கூரை வழியே 360. சன்னல் கண்ணாடி வழியே 110. மணிக்கு ஒரு முறை அறைக் காற்று மாறினால் 120. மொத்தம் ஏறக்குறைய 1400 வாட். கதவடியில் இடைவெளி இருந்து, மணிக்கு மூன்று முறை காற்று மாறினால் இன்னும் 240 கூடும். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போலத்தான்.

இந்தக் கணக்கில் வரவும் ஒன்று உண்டு. மனிதர் ஒவ்வொருவரும் சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 100 வாட் ஹீட்டர்தான். அந்த 100 வாட்டைப் போகவிடாமல் பிடித்து வைப்பதே போர்வையின் வேலை. நல்ல பஞ்சு ரஜாய் ஒன்றுக்கு மின்கட்டணம் இல்லை.

எரிபொருள் நெருக்கடியின்போது, 1977 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் கம்பளிச் சட்டை அணிந்து தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டு வெப்பநிலையைப் பகலில் 18 டிகிரி அளவுக்கும் இரவில் 13 டிகிரி அளவுக்கும் குறைக்கச் சொன்னார். சிலர் கேலி செய்தார்கள். ஆனால் அதன் இயற்பியல் சரியே. ஆனால் இதற்கு எல்லை உண்டு. முதியோரும் குழந்தைகளும் நோயாளிகளும் குளிர் அறையில் இருந்தால் நோய் மிகும். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கதகதப்பு ஓர் ஆடம்பரமன்று. ஏழைக்கும் அது கிடைக்க வேண்டும்.

நூறு சதவீதத்தை மிஞ்ச முடியுமா? முடியும் என்று 1852-இலேயே கெல்வின் பிரபு காட்டினார். வெப்பத்தை உண்டாக்காமல், வெளிக் காற்றிலிருந்து உள்ளே இறைத்தால் போதும். குளிரூட்டியைத் திருப்பி ஓட்டுவது போன்ற இந்த வெப்ப எக்கி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் தரவல்லது. சொந்த வீட்டுக்காரர் எண்ணிப் பார்க்கலாம். வாடகை அறை மாணவருக்கு அதன் விலை எட்டாது.

நான் எழுதிய பதில்

முதலில் கதவடியை மூடு. சன்னல் இடுக்கில் பழைய துணியைச் செருகு. இரவில் கனத்த திரை போடு. மேசையில் உட்கார்ந்து படிக்க 1000 வாட் கம்பி ஹீட்டர் போதும், ஒரு மீட்டராவது தள்ளி வை, துணி, போர்வை அருகில் வேண்டா, தூங்கும்போது அணைத்துவிடு. வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ இருந்து இரவு முழுவதும் சூடு வேண்டுமென்றால், சிவந்த கம்பி வெளியே தெரியாத ரேடியேட்டர் பாதுகாப்பானது. அதற்காகத்தான் அந்த விலை, சிக்கனத்துக்காக அன்று.

இன்னொன்று. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்குரிய சிறு பிளக்கில் மாட்டாதே. பிளக் தளர்ந்து அங்கே அரை ஓம் மின்தடை இருந்தாலும், ஜூல் விதிப்படி 38 வாட் அந்த இடத்திலேயே பிறக்கும். அது ஒரு பற்றாசுக் கோலின் சூடு. தீ அங்கேதான் தொடங்கும்.

கரியடுப்பைப் பற்றி ஒரே வரி எழுதினேன்: இன்றே அதை அறைக்கு வெளியே வை.

பத்து நாளில் பதில் வந்தது. கம்பி ஹீட்டர் ஒன்றும், மிச்சமான பணத்தில் இரண்டு ரஜாய்களும் வாங்கிவிட்டார்களாம். அங்கீட்டி மாடியில் திறந்த வெளியில் இருக்கிறதாம்; மாலையில் நான்கு வீட்டுக்காரர்களும் அதைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்கிறார்களாம். கரியின் கதையை இவர் அவர்களுக்கும் சொல்லிவிட்டாராம். என் வகுப்பில் ஜூல் விதிக்கு இவர் வாங்கிய மதிப்பெண் எனக்கு நினைவில்லை. இதற்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.